கொதிநீரில்கூடச் சில கிருமிகள் சாகாமல் இருப்பது எப்படி?

சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றில் முட்டை அவிக்கப் போனவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். ஊற்று நீர் ஏறக்குறைய 70 டிகிரி. பள்ளி விடுமுறையில் அம்மாவை அங்கே கூட்டிப் போயிருந்தேன். "இந்தச் சூட்டுல எந்தக் கிருமிப்பா இருக்கும்?" என்றார், வாளிக்குள் முட்டையைப் போட்டபடி.

பதில் அந்த வாளியிலேயே இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு ஏன் இறுகுகிறது? மடிந்து சுருண்டிருக்கும் புரதங்கள் சூட்டில் பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்ப வழியில்லை. நம் உடலின் புரதங்களுக்கும் இதே கதிதான்.

1960களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிடித்த சூடே 70 டிகிரிதான்! அதன் புரதங்களும் நம்முடையவை போல அதே 20 அமினோ அமிலங்களால் ஆனவை. வித்தியாசம் கட்டுவதில். தேக்கா கடைப்பகுதியில் பூக்கட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள்: அதே மல்லிகை, அதே நார், ஆனால் நெருக்கிக் கட்டிய சரம் உதிராது. இந்தப் புரதங்களிலும் உள்ளே இடைவெளி குறைவு, நேர், எதிர் மின்னூட்டப் பிணைப்புகள் அதிகம். (கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பிசிஆர் சோதனை முறை வளர்ந்ததே இதன் நொதியை வைத்துத்தான்.)

ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் இன்னும் கில்லாடிகள். சிலவற்றின் உறையில் இரண்டு கொழுப்பு அடுக்குகளுக்குப் பதிலாக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை நீளும் ஒரே மூலக்கூறு. பிரிவதற்கு அடுக்கே இல்லை. மெத்தனோபைரஸ் காண்ட்லெரி என்ற ஆர்க்கியா ஆய்வகத்தில், ஆழ்கடல் அளவு அழுத்தத்தில், 122 டிகிரியிலும் பெருகியது.

ஆனால் 'சாகாமல் இருப்பது' என்று கேட்டீர்களே, அது இவற்றுக்குப் பொருந்தாது. இவை அங்கே குடித்தனமே நடத்துகின்றன. தெர்மஸுக்கு நம் ஊர் 30 டிகிரி வெயில் வளரக்கூடப் போதாத குளிர்.

உண்மையிலேயே தாக்குப்பிடிப்பது நம் சோற்றுப் பானையில் இருக்கிறது: பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அரிசி கொதிக்கும்போது அதன் உயிரணு செத்துவிடும். தடித்த உறைக்குள் நீர் வற்றித் தூங்கும் அதன் வித்துகள் சாவதில்லை. சோற்றை இரவெல்லாம் மேசையில் விட்டால் விழித்து, பெருகி, நஞ்சு சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

அம்மாவிடம் இதைச் சொன்னதிலிருந்து மிச்சச் சோறு உடனே ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. பழைய சோற்றைப் பற்றி மட்டும் வாயே திறக்கக் கூடாதாம்.