மலை வளைவில் பைக் விலகிப் போகிறது. ஷாக்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி: தர்மபுரியில் வசிக்கிறேன். 150 சிசி பைக், வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வாரம் ஒருமுறை மனைவியுடன் வத்தல்மலையில் உள்ள மாமனார் வீட்டுக்குப் போகிறோம். தனியாகப் போனால் ஒரு குறையும் தெரிவதில்லை. இருவராக ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் நான் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாமல் எதிர்ப்பக்கம் விலகிப் போகிறது. இரண்டு ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு கேஸ் ஷாக் போடச் சொல்கிறார் மெக்கானிக். பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வாராம். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். ‘தனியாகப் போனால் ஒரு குறையும் தெரிவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

கேரியரில் கேழ்வரகு மூட்டை வைத்த சைக்கிளை மேட்டில் மிதித்திருக்கிறீர்களா? ஹேண்டில் காற்றாய் ஆடும். உங்கள் பைக்கிலும் அதேதான் நடக்கிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் அமுங்குகிறது, முன்பக்கம் நிமிர்கிறது. ஏற்றம் வேறு சேர்ந்து எடையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. முன் டயருக்குச் சாலையில் போதிய அழுத்தம் இல்லாததால் வண்டி வளைவை விட்டு வெளியே போகிறது.

தீர்வு உங்கள் ஷாக்கின் ஸ்பிரிங்குக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே படிக்கட்டு போல வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் ஐந்து படிகள். கொக்கி போன்ற சி ஸ்பேனரை மாட்டி, வளையம் ஸ்பிரிங்கை மேலும் நெருக்கும் பக்கமாகத் திருப்புங்கள். அப்போது இருவர் உட்கார்ந்தாலும் பின்பக்கம் அவ்வளவு அமுங்காது. இரண்டு பக்கமும் ஒரே படியில் நிற்க வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பி விட்டுவிட்டால் இருந்ததை விட மோசமாகும்.

எத்தனை படி என்பதை டேப் வைத்து முடிவு செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டில், பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இருவரும் உட்கார்ந்த நிலையில் வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் மொத்தம் 100 மி.மீ. ஏறி இறங்கும் வண்டி என்றால், வித்தியாசம் 30 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. 50 வந்தால் இன்னும் ஒரு படி ஏற்றுங்கள்.

இதற்குச் செலவு கிடையாது. அதனால்தான் இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஓசூரில் பைக்கையே தயாரிக்கிறார்கள். அதே நெடுஞ்சாலையில் கீழே வந்தால் இந்த வளையம் எதற்கு என்று சொல்ல ஆள் இல்லை. சர்வீஸ் தாளில் ‘சஸ்பென்ஷன் பரிசோதனை’ என்ற கட்டத்தில் தவறாமல் டிக் விழுகிறது. வண்டியில் வழக்கமாக எத்தனை பேர் போகிறீர்கள் என்று எவராவது ஒருமுறை கேட்டதுண்டா? நான் வண்டி வாங்கியபோது டூல் பையில் சி ஸ்பேனரே இல்லை. கேட்டதற்கு, ‘அது எதற்கு சார்?’ என்றார் விற்பனையாளர்.

கேஸ் ஷாக் விஷயத்துக்கு வருவோம். நைட்ரஜன் வாயு அடைப்பது, ஓயாமல் குலுங்கும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் நுரைக்காமல் இருப்பதற்காக. உங்கள் முன்சக்கரத்தை அது தரையில் அழுத்தப் போவதில்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிலவற்றில் பக்கவாட்டில் தங்க நிறத்தில் ஒரு குப்பி தொங்கும். உள்ளே ஒன்றுமே இருக்காது, வெறும் அலங்காரம். ‘பழையதைக் கழித்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சில் இன்னும் கவனம் தேவை. உங்களுடைய நல்ல ஷாக் துடைக்கப்பட்டு ‘கம்பெனி ஒரிஜினல்’ என்ற பெயரில் இன்னொருவர் வண்டிக்குப் போகும்.

ஷாக்கை மாற்றியே ஆக வேண்டிய நிலை ஒன்று உண்டு: எண்ணெய்க் கசிவு. ஆனால் இதிலும் ஏமாற்றுகிறார்கள். செயின் பக்கத்து ஷாக்கில் செயினுக்குப் போட்ட எண்ணெய் தெறித்துப் படிந்திருக்கும். அதை விரலால் தொட்டுக் காட்டி ‘லீக்’ என்பார்கள். துணியால் இரண்டு ஷாக்கையும் சுத்தமாகத் துடையுங்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். உள்ளே போய்வரும் பளபளப்பான தண்டில் எண்ணெய் வளையமாகக் கசிந்திருந்தால் அது உண்மையான கசிவு. வெளியே புள்ளி புள்ளியாக இருந்தால் செயின் எண்ணெய். சந்தேகம் தீரவில்லையா? சீட்டைப் பலமாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் ஷாக் நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று முறை தொட்டில் போல ஆடினால் போய்விட்டது. அப்போதும் கம்பெனி உதிரிபாகத்தையே, ஜோடியாக, பில்லுடன் வாங்குங்கள்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை இறக்கிக் கட்டி முன்பக்கத்தைத் தாழ்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

டயர் காற்றை வண்டி சூடாவதற்கு முன் பாருங்கள். செயின் கவர் அருகே ஒட்டியிருக்கும் தாளில் இருவருக்கான அளவு தனியாக இருக்கும். என் வண்டியில் பின்டயருக்குத் தனியாகப் போனால் 28 பி.எஸ்.ஐ., இருவராகப் போனால் 32. பங்க்கில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிப்பார்கள். நீங்கள்தான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

மலையிலிருந்து திரும்பியதும், மறுநாள் தனியாக வேலைக்குக் கிளம்புமுன், வளையத்தைப் பழைய படிக்கே இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் மேடு பள்ளத்தில் பின்பக்கம் துள்ளும், இடுப்பு வலிக்கும். அப்போதும் ஷாக்கை மாற்றச் சொல்லி அதே மெக்கானிக் வருவார்.