புது செமஸ்டர், புதுத் தொடக்கம்: வேதத்தில் எங்கே தேடுவது? (கேள்வி பதில்)

கேள்வி (பொறியியல் மூன்றாமாண்டு): அக்கா, எரேமியா 29:11தான் என் வாக்குத்தத்தம். போன செமஸ்டர் முழுக்க மேஜை மேல ஒட்டியிருந்தேன். ரெண்டு அரியர் விழுந்துடுச்சு. இந்தத் தடவையும் அதையே பிடிச்சுக்கலாமா?

பதில்: பிடிச்சுக்கலாம் தம்பி, ஆனா அதிகாரம் முழுசையும் பிடிங்க. உங்க அட்டையில் என்ன இருக்குன்னு பாருங்க: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை". ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை அதைத் தேர்வு முடிவுன்னுதான் வாசிக்கும். எபிரெயத்தில் அங்கே இருக்கிறது ரெண்டு சொல்: அகரித், திக்வா. எதிர்காலம், நம்பிக்கை. கத்தோலிக்கரும் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் இது தெளிவாவே இருக்கு. ரெண்டையும் பக்கத்தில் வச்சுப் படிங்க. நினைச்ச மார்க் வரும்னு அந்த வசனம் எங்கேயும் சொல்லலை.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் யூதா ராஜாவான எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறை போனவங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பினது. முந்தின அதிகாரத்தில் அனனியாங்கிற பொய்த் தீர்க்கதரிசி, எரேமியா கழுத்தில் கிடந்த நுகத்தை உடைச்சுப் போட்டு, ரெண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும்னு ஜனத்துக்குச் சொல்றான். எரேமியா சொன்னதோ எழுபது வருஷம் (29:10). அதுவரைக்கும் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதன் கனியைச் சாப்பிடுங்க (29:5). உங்களுக்கு ஆறுதல் அந்த 5ஆம் வசனத்தில்தான் இருக்கு: பிடிக்காத இடத்திலும் இன்றைக்கு ஒரு வேலை இருக்கு, தேவன் அங்கேயும் கூட இருக்கார்.

உங்க தோட்டம் அந்த ரெண்டு பேப்பர். வாரத்தில் ரெண்டு சாயங்காலம், ஒன்றரை மணி நேரம், முதல் வாரத்திலேயே ஒதுக்குங்க. "நடப்புப் பாடம் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு விட்டா, இன்டர்னல், ரெக்கார்டு, லேப்னு வந்து கடைசிப் பத்து நாளில் போய் நிற்கும்.

கேள்வி (இளைஞர் ஐக்கியப் பொறுப்பாளர்): சிஸ்டர், இப்படிப் பேசினா பிள்ளைங்க விசுவாசம் குறையும். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் "ஆம்" என்று 2 கொரிந்தியர் 1:20 சொல்லுதே?

பதில்: ஆமாம் பிரதர், நானும் அதை அப்படியே நம்புறேன். எது வாக்களிக்கப்பட்டதோ அது "ஆம்". எரேமியா 29:13இல் அவர் என்ன தர்றேன்னு சொல்றார்? "என்னைத் தேடுகையில் கண்டுபிடிப்பீர்கள்." தம்மையே தர்றார். அதைச் சொல்லாம ரேங்கைச் சொல்லி அனுப்பினா, அரியர் விழுற அன்னைக்குப் பிள்ளை சர்ச்சுக்கு வர்றதையே நிறுத்திடும்.

கேள்வி (முதலாண்டு, ஹாஸ்டல்): ஒரு நாளைக்கு எத்தனை அதிகாரம் வாசிக்கலாம் அக்கா?

பதில்: அரை அதிகாரம். ஆதியாகமத்தில் ஆரம்பிச்சு தினம் அஞ்சு அதிகாரம்னு போறவங்க பெரும்பாலும் லேவியராகமத்தில் நின்னுடுறாங்க. மாற்கு 16 அதிகாரம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை அரை அரையா வாசிச்சா ஏழாவது வாரத்தில் முடியும். சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்கிறதுக்கு. காலையில் மெஸ்ஸுக்குப் போகும் முன்னாடி 15 நிமிஷம். போன்ல வாசிக்காதீங்க, நோட்டிஃபிகேஷன் வந்தா போச்சு. காகித வேதாகமமும் ஒரு 40 பக்க நோட்டும் போதும். தேதி, வாசிச்சதில் ஒரு வரி, இன்னைக்குச் செய்யப்போறது ஒண்ணு. அடுத்து, முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஜெபக் குழுவைத் தேடுங்க. யு.இ.எஸ்.ஐ.ங்கிற கிறிஸ்தவ மாணவர் அமைப்பு 1954இலிருந்து மாணவர்கள் நடுவில் ஊழியம் செய்யுது. உங்க கல்லூரியில் குழு இருக்கான்னு சீனியர்களிடம் கேளுங்க.

கேள்வி: அக்கா, எனக்கும் ஒரு வசனம் சொல்லுங்க.

பதில்: பிலிப்பியர், நாலு அதிகாரமும். ஒரே உட்காரலில் படிக்கலாம்.

கேள்வி: பிலிப்பியர் 4:13 எக்ஸாம் ஹாலுக்குச் சரிதானே?

பதில்: 12ஆம் வசனத்தோடு சேர்த்து. தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும் கற்றேன்னு பவுல் சொன்ன பிறகுதான் 13 வருது. முன்னும் பின்னும் படிங்க.

கேள்வி (இரண்டாமாண்டு): ஜெபிக்கவே முடியலை. காலையில் எழுந்திருக்கவும் மனசில்லை. எல்லாம் போதும்னு இருக்கு.

பதில்: "போதும் கர்த்தாவே"ன்னு எலியாவும் சொன்னார். 1 இராஜாக்கள் 19ஐ நிதானமா பாருங்க. சூரைச்செடியின் கீழே சாகணும்னு படுத்தவரைத் தேவன் கண்டிக்கலை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பினப்போ தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தார். இரண்டாந்தரம் எழுப்பித் திரும்பவும் சாப்பிடச் சொன்னார், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்"னு. ஓரேப் மலைக்குப் போனது அதுக்கப்புறம்தான். நீங்களும் முதல்ல சாப்பிடுங்க, தூங்குங்க. ஜெபம் வரலைன்னா சங்கீதம் 13, ஆறே வசனம், வாய்விட்டு வாசிங்க, அது ஜெபம்தான். இன்னைக்கே ரூம்மேட்டிடமோ வீட்டிலோ இதைச் சொல்லுங்க. சாகணும்ங்கிற எண்ணம் வந்தா தனியா இருக்காதீங்க, உடனே 14416க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், அரசு சேவை, இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க. அங்கே பேசுறது விசுவாசக் குறைவு இல்லை.

கேள்வி: ஆல் கிளியர் ஆனா 40 நாள் உபவாசம்னு பொருத்தனை பண்ணலாமா?

பதில்: வேண்டாம். பிரசங்கி 5:5: நேர்ந்துகொண்டு செய்யாததைவிட நேர்ந்துகொள்ளாததே நலம். தேவனோடு பேரம் எதுக்கு?

கேள்வி: அட்டெண்டன்ஸ் 75க்குக் கீழே. வசனம்?

பதில்: இன்னைக்கே துறை அலுவலகம் போங்க. மெடிக்கல் சான்றிதழ் இருந்தா கையோடு எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: ஒரு வசனம் மட்டும் ப்ளீஸ்.

பதில்: மேலே இருக்கு, வாசிங்க.

கேள்வி (ஒரு தாய்): மகன் ஹாஸ்டலில் இருக்கான். தினமும் வாட்ஸ்அப்பில் வாக்குத்தத்த அட்டை அனுப்புறேன், பதிலே இல்லை சிஸ்டர்.

பதில்: அட்டையை நிறுத்திடுங்க அம்மா. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, இந்த வாரம் எந்தப் பாடம் கஷ்டமா இருக்குன்னு கேளுங்க. மார்க் பற்றிப் பேச வேண்டாம். பாடத்தின் பேரைக் குறிச்சு வச்சு, அந்தப் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்க. அடுத்த ஞாயிறு, "அந்த தெர்மோடைனமிக்ஸ் என்னாச்சு?"ன்னு கேளுங்க.