ரிட்டக்சிமாப் புற்றுநோய் செல்லை எப்படிக் கொல்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு பி செல் லிம்போமா. கீமோவோடு ரிட்டக்சிமாப் என்று ஒரு ஊசியும் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் கீமோ மருந்துதானா? எந்த செல்லைக் கொல்ல வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

கீமோ இல்லை. ரிட்டக்சிமாப் ஒரு ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள். அதனுள் செல்லைக் கொல்லும் நஞ்சு எதுவும் கிடையாது. எந்த செல் என்று காட்டிக்கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. கொல்லும் வேலையில் பெரும்பங்கு உங்கள் அப்பாவின் ரத்தத்திலும் திசுக்களிலும் ஏற்கெனவே இருக்கிற எதிர்ப்பு செல்களுடையது. இந்த வகை மருந்துகளின் வீரியத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆன்டிபாடியின் வடிவம் உண்டிவில் கவட்டை மாதிரி. மேலே இரண்டு கைகள், கீழே ஒரு காம்பு. ரிட்டக்சிமாப்பின் கைகள் சிடி20 என்ற புரதத்தைப் பிடிப்பதற்கென்றே அமைந்தவை. பி செல் என்பது ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை, அதில் வரும் புற்றுநோய்தான் பி செல் லிம்போமா. அந்தப் புரதம் பி செல்களின் மேற்பரப்பில் நிறைய இருக்கும், லிம்போமாவாக மாறிய பி செல்களிலும் பெரும்பாலும் இருக்கும். கைகள் அதைப் பற்றிக்கொண்டதும் காம்புகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். ரத்தத்தில் சுற்றிவரும் இயற்கைக் கொல்லி செல்களின் மேல் சிடி16 என்ற ஏற்பி உண்டு. அது இந்தக் காம்பைப் பிடிக்கும்.

சரி, ரத்தத்தில் எப்போதுமே லிட்டருக்குச் சுமார் 10 கிராம் ஆன்டிபாடி மிதந்துகொண்டிருக்கிறதே, கொல்லி செல்கள் ஏன் சும்மா இருக்கின்றன? தனியாக மிதக்கும் ஒரு காம்பை சிடி16 பிடித்தாலும் சீக்கிரம் விட்டுவிடும், பிடி அவ்வளவு பலவீனம். ஒரே செல்லின் மேல் பல காம்புகள் நெருக்கமாக நிற்கும்போதுதான் பல ஏற்பிகள் ஒரே இடத்தில் சேர்ந்து மாட்டும். அப்போதுதான் உள்ளே 'தாக்கு' என்ற சமிக்ஞை போகும். உடம்பு இதை இவ்வளவு கச்சிதமாக வைத்திருப்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அதற்குப் பிறகு நடப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். கொல்லி செல் இலக்கோடு ஒட்டி உட்காரும். அதனுள் இருக்கும் நுண்மணிகள் எல்லாம் ஒட்டிய பக்கமாக நகர்ந்து வரும். அவற்றில் உள்ள பெர்ஃபோரின் இலக்கின் சவ்வில் துளை போடும், கிரான்சைம் என்ற நொதிகள் உள்ளே போய் செல்லின் தற்கொலை இயந்திரத்தை முடுக்கிவிடும். இலக்கு செல்லின் விளிம்பில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், பிறகு சுருங்கிவிடும். கொல்லி செல் விடுபட்டு அடுத்ததைத் தேடிப் போகும்.

எங்கள் சோதனை இதை அப்படியே குழிகள் உள்ள ஒரு பிளேட்டில் செய்து பார்ப்பதுதான். லிம்போமா செல்லோடு மருந்தை மட்டும் விட்ட குழியில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கொல்லி செல்களை மட்டும் விட்டாலும் சாவு குறைவுதான். இரண்டையும் சேர்த்துவிட்டால் சில மணி நேரத்தில் செத்த செல்களிலிருந்து கசியும் நொதியை அளக்கலாம், சாயம் சிவப்பாக ஏறிக்கொண்டே போகும். காம்பை வெட்டி எடுத்த ஆன்டிபாடியை விட்டால் அது இலக்கை நன்றாகவே பிடிக்கும், ஆனால் கொல்லி செல்கள் அதைக் கண்டுகொள்ளாது.

காம்பில் ஒரு சர்க்கரைச் சங்கிலியும் உண்டு. அதிலிருந்து ஃபியூகோஸ் என்ற ஒரே ஒரு சர்க்கரையை நீக்கினால் சிடி16 பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். இதை வைத்தே புதிய மருந்துகள் வந்தன. 2012-ல் ஜப்பானில் மொகாமுலிசுமாப், 2013-ல் அமெரிக்காவில் ஒபினுடுசுமாப். பிடிக்கிற பக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். சிடி16-ம் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம்தான். அதில் 158-வது இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் இருப்பவர்களுக்கு, ஃபினைல்அலனின் இருப்பவர்களைவிடப் பிடி வலுவானது. ரிட்டக்சிமாப் மட்டும் கொடுக்கப்பட்ட ஃபாலிக்குலர் லிம்போமா (பி செல் லிம்போமாவில் ஒரு வகை) நோயாளிகளில் வாலின் வகையினருக்கு மருந்து நன்றாகக் கேட்டது என்று 2002-ல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆனால் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும்போது இந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை, மருத்துவர்கள் இதைப் பார்த்து சிகிச்சையை மாற்றுவதும் இல்லை. அதனால் அப்பாவுக்கு இந்தப் பரிசோதனை வேண்டுமா என்று கவலைப்படாதீர்கள்.

கொல்லி செல்கள் மட்டும்தான் என்றும் இல்லை. விழுங்கி செல்களும் அதே காம்பைப் பிடித்து இலக்கை அப்படியே விழுங்கும். ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதங்களும் துளை போடும்.

இனி உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படுவது. சிடி20 நல்ல பி செல்களிலும் இருப்பதால் அவையும் சேர்ந்தே சாகும். ஆனால் அவற்றை உற்பத்தி செய்யும் தண்டு செல்களில் சிடி20 கிடையாது. அதனால் சிகிச்சை முடிந்து 6 முதல் 12 மாதத்தில் பி செல்கள் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். முதல் ஊசியின்போது குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரலாம், மெதுவாக ஏற்றுவது அதனால்தான். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் அடங்கிக் கிடந்தால் இந்த மருந்து அதைக் கிளப்பிவிடக்கூடும். முதல் ஊசிக்கு முன்பே அதற்கான ரத்தப் பரிசோதனை எடுத்தாகிவிட்டதா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.