புராஜெக்ட்டைப் பிள்ளையே செய்ய வேண்டுமென்றால்

எட்டாம் வகுப்பு மகனுக்கு ‘மழைநீர் சேகரிப்பு’ புராஜெக்ட். இணையத்தில் கண்டதை அப்படியே எழுதி வைக்கிறான் என்று வருந்துகிறீர்கள். அது சோம்பல் இல்லை அம்மா. அவனிடம் தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. என்ன தேடுகிறோம் என்று தெரியாதபோது எதை விடுவது என்றும் தெரியாது, எல்லாவற்றையும் ஒட்டிவிடுவான்.

ஆகவே, கேள்வி பிறக்கும்வரை கணினியைத் திறக்க வேண்டாம். “எங்கள் மொட்டை மாடியில் ஓராண்டு பெய்யும் மழை, வீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர்?” என்று கேட்கட்டும். மாடியை டேப் பிடித்து அவனே அளக்கட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டு சராசரி ஏறத்தாழ 1,400 மி.மீ. மாடி 60 சதுர மீட்டர் என்றால் 84,000 லிட்டர். ஈரமாகவும் ஆவியாகவும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 67,200. வீட்டில் நாளுக்கு 500 லிட்டர் செலவானால் 134 நாள். அந்த 500 சரிதானா என்று அறிய, மேல்தொட்டி எத்தனை முறை நிரம்புகிறது என்பதை ஒரு வாரம் குறித்துவைக்க வேண்டும். பெரும்பாலும் பிள்ளைகள் இங்கேதான் உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். விடை மொத்தமும் பிசகிவிடும்.

இனி தேடலாம். ‘மழைநீர்’ என்று மட்டும் போட்டால் கட்டுரைக் குவியல்தான் வரும். ஊர், ஆண்டு, ‘மழையளவு மி.மீ.’ சேர்த்துத் தேடினால் வானிலை ஆய்வு மையத்தின் கணக்கு கிடைக்கும். விக்கிப்பீடியாவில் தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. அடிக்குறிப்பில் உள்ள மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழக அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இப்படியொரு தகவலை எழுதுமுன், தொடர்பில்லாத இரண்டு இடங்களிலாவது சரிபார்க்கப் பழக்குங்கள். ஏஐ செயலி சொல்லும் எண்ணுக்கும் இதே விதிதான். அது தவறான எண்ணையும் தயங்காமல் சொல்லும்.

குறிப்பெடுக்கும் முறையில்தான் காப்பி தொடங்குகிறது. திரையைப் பார்த்தபடி எழுதினால் அந்த வாக்கியமே நோட்டில் இறங்கும். ஒரு பத்தி படித்ததும் திரையை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை மூன்று வரியில் எழுதட்டும். பக்கத்திலேயே எங்கே, எப்போது படித்தான் என்றும் குறிக்கட்டும். கடைசி நாளில் மூலங்களைத் தேடிக் கண்டுபிடிக்க யாராலும் முடிவதில்லை.

சார்ட் ஒட்டுவதும் படம் வரைவதும் கடைசி வேலை. நீங்கள் எழுதித் தர வேண்டாம். “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று மட்டும் தினமும் கேளுங்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு உள்ளூர்ச் சிக்கலை ஆராய்ந்து செல்லும் பிள்ளைகளிடமும் நடுவர்கள் துருவிக் கேட்பது அதைத்தான்.