பதினான்கு புள்ளிகள்

வணக்கம் ஐயா,

2019 விம்பிள்டன் இறுதியாட்டத்தை நான் கல்லூரி விடுதியில் பார்த்தேன். அன்றிரவு ஃபெடரர் தோற்ற பிறகு அதன் காணொளியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, மனம் வரவில்லை. அவர் எடுத்தவை 218 புள்ளிகள், ஜோகோவிச் எடுத்தவை 204. பதினான்கு புள்ளி கூடுதலாக எடுத்தவர் தோற்பது என்ன நியாயம்? இருவரில் யார் பெரியவர் என்று நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

யார் பெரியவர் என்ற கேள்வி டீக்கடை பெஞ்சுக்கு உரியது. என்னைவிட நன்றாக அதைப் பேசுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அந்தப் பதினான்கு புள்ளிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் சென்ற வாரம்தான் அந்த ஆட்டத்தை முழுவதுமாக மறுபடி பார்த்தேன். டென்னிஸில் மிச்சம் பிடித்து வைக்க வழியில்லை; மொத்தப் புள்ளிகள் எத்தனை என்றாலும், முதலில் மூன்று செட் வென்றவருக்குத்தான் ஆட்டம். இரண்டாம் செட்டை ஃபெடரர் 6-1 என்று வாரிச் சுருட்டியபோது குவித்த புள்ளிகள் அந்தச் செட்டோடு கணக்குத் தீர்ந்தவை. ஜோகோவிச் வென்ற மூன்று செட்டுகளுமே டை-பிரேக்கில், அதாவது செட் சமனில் நிற்கும்போது அதைத் தீர்க்க ஆடும் குறும்போட்டியில், முடிந்தவை: 7-5, 7-4, 7-3. கூட்டிப் பாருங்கள், அந்த 33 புள்ளிகளில் 21 அவருடையவை. 4 மணி 57 நிமிடம் நடந்த ஆட்டத்தில் எந்த இடத்தில் பிடி நழுவக் கூடாதோ அந்த இடத்தில் அவர் நழுவவிடவில்லை. இதில் அநியாயம் எங்கே இருக்கிறது? அதே நாளில், அதே லண்டனில், சூப்பர் ஓவரும் சமனில் முடிந்ததால் பவுண்டரிகளை எண்ணி இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையைக் கொடுத்தார்களே, நியாயம் கேட்பதானால் நியூசிலாந்துக்காகக் கேளுங்கள்.

காணொளியைப் பார்க்கவே இல்லை என்கிறீர்கள். பிறகு எந்த ஆட்டத்துக்காக இத்தனை ஆண்டு துக்கம் அனுஷ்டிக்கிறீர்கள்? ஐந்தாம் செட், 8-7, 40-15, சர்வ் ஃபெடரருடையது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை அவருக்கு, அதற்கு அடுத்தடுத்து இரண்டு வாய்ப்புகள். முதல் வாய்ப்பில் அவருடைய ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. அது அவர் பிழை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் அவர் வலையை நோக்கி முன்னேறி வந்தார், ஜோகோவிச் குறுக்காக அடித்த ஃபோர்ஹேண்ட் அவரைக் கடந்து உள்ளே விழுந்தது. அரங்கமே எதிராளியின் பெயரைக் கூவிக்கொண்டிருக்கும்போது அடித்த அடி அது. ‘ஃபெடரர் கோட்டை விட்டார்’ என்று நாம் புலம்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பந்தை அடித்தவரை ஆடுகளத்திலிருந்தே அழித்துவிடுகிறோம்.

உங்கள் வலி எனக்குப் புரியாதது அல்ல. என் அப்பா ஃபெடரர் பக்தர். 40-15 ஆனதும் “முடிந்தது” என்று சொல்லிவிட்டு, இரவு மாத்திரைக்கு வெந்நீர் வைக்கச் சமையலறைக்குப் போனார். வந்து பார்த்தால் திரையில் 8-8. “நான் எழுந்து போயிருக்கக் கூடாது” என்றார். அதன் பிறகு 12-12 வரையிலும், டை-பிரேக் முடியும் வரையிலும், தம்ளரைக் கையில் பிடித்தபடி நிலைப்படியிலேயே நின்றார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. தண்ணீர் ஆறிப் போயிற்று.

வென்ற ஜோகோவிச் குனிந்து புல்லைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“பாவம், அஞ்சு மணி நேரம் ஆடியிருக்கான், பசிக்காதா?” என்று சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கினார்.