கம்ப்யூட்டர் கேள்வி – பதில்: டி.வி.டி.யைத் தேய்க்கும் முன்பு டிரைவைச் சந்தேகியுங்கள்

கேள்வி: எங்கள் ஊர்க் கிரந்தசாலை (நூலகம்) 2009-இல் ஆண்டுவிழா மலர் வெளியிட்டபோது, பக்க வடிவமைப்புக் கோப்புகளையும் பழைய புகைப்படங்களின் ஸ்கேன்களையும் மார்த்தாண்டத்தில் ஒரு டி.டி.பி. மையத்தில் டி.வி.டி.யில் பதிந்து கொடுத்தார்கள். அதை இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் சிறிது நேரம் சுற்றுகிறது. பிறகு, டிஸ்க்கைச் செருகவும் என்று செய்தி வருகிறது. அதே டிரைவில் பழைய பாட்டு சி.டி.கள் நன்றாகவே ஓடுகின்றன. மருமகனின் லேப்டாப்பில் யு.எஸ்.பி. டிரைவை இணைத்துப் போட்டபோது, ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கேட்டது. பற்பசை தேய்த்தால் சரியாகும் என்கிறார் நண்பர். தேய்க்கலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: தேய்க்க வேண்டாம். ஃபார்மட் பற்றிய செய்தி மறுபடி வந்தாலும் ‘ரத்து’ என்பதை மட்டுமே அழுத்துங்கள்.

பாட்டு சி.டி. ஓடுவதால் டிரைவ் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் அது சான்றாகாது. சி.டி.யைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரும், டி.வி.டி.யைப் படிக்க 650 நானோமீட்டர் லேசரும் ஒரே டிரைவுக்குள் தனித்தனியாக இருக்கின்றன. இவற்றில் ஒன்று மங்கிப்போய் மற்றொன்று வேலை செய்துகொண்டிருப்பது பழைய டிரைவ்களில் அடிக்கடி காணப்படும் குறைதான். எனவே, கடையில் வாங்கிய ஏதாவது ஒரு சினிமா டி.வி.டி.யை அதே டிரைவில் போட்டுப் பாருங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் உங்கள் மலர் டி.வி.டி.யின் மீது பெரும்பாலும் பழியில்லை.

அடுத்து, டி.வி.டி.யின் அடிப்பக்கத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். பதியப்பட்ட பகுதி நடுத்துளையை ஒட்டித் தொடங்கி வெளிநோக்கி விரியும். அது முடியும் இடத்தில் நிறம் மாறி ஒரு வளையக்கோடு தெரியும். கோடே இல்லாமல் முழுப்பரப்பும் ஒரே நிறமாக இருந்தால், ஒன்று அது விளிம்பு வரை நிரப்பப்பட்டிருக்க வேண்டும், அல்லது உங்கள் கைக்கு வந்தது எழுதப்படாத வெற்று டி.வி.டி.யாக இருக்க வேண்டும். அவசரத்தில் உறை மாறிப்போவது டி.டி.பி. மையங்களில் புதிதல்ல.

கோடு தெரிந்தால் நடுத்துளையைச் சுற்றியுள்ள பகுதியைக் கவனியுங்கள். டிரைவ் முதலில் படிப்பது அங்கேதான். அந்த இடத்தில் விரல் ரேகையோ பூசணமோ படிந்திருந்தால், மற்ற இடமெல்லாம் பழுதின்றி இருந்தாலும் டிஸ்க்கே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் நம் குமரி மாவட்டத்தில், அதுவும் மலையடிவாரமான உங்கள் பகுதியில், சுவரோரத்து அலமாரிக்குள் பிளாஸ்டிக் உறையில் பல ஆண்டுகள் கிடந்த டி.வி.டி.யில் இதை எதிர்பார்க்கவே வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் மென்மையான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அதேபோல் ஒருமுறை துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தகவலைத் தாங்கியிருக்கும் சாயப்படலமே வெளுக்கும். வட்டமாகத் துடைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. தகவல் சுருள்பாதையில் எழுதப்பட்டிருப்பதால், குறுக்காக விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவையே மறைக்கும். அந்த இழப்பை டிரைவின் பிழைதிருத்த முறை ஈடுசெய்துவிடும். பாதையோடு சேர்ந்து ஓடும் கீறலை அதனால் ஈடுசெய்ய முடியாது. தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி ஆகியவை பிளாஸ்டிக்கையே கெடுக்கும். பற்பசை என்பது நுண்ணிய உப்புத்தாளைப் போன்றது. மேலோட்டமான கீறலை அது சமன்படுத்துவது உண்மைதான் என்றாலும், கீறலே இல்லாத டி.வி.டி.யில் புதிய கீறல்களை உண்டாக்கும்.

நடுத்துளையில் விரிசல் இருந்தால் மட்டும் எந்த டிரைவிலும் போடாதீர்கள். சுழலும் வேகத்தில் அது உள்ளேயே உடைந்து சிதறக்கூடும். மேலே தாள் லேபிள் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம்.

லேப்டாப்பில் வந்த ஃபார்மட் செய்திக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பதிவை முடித்து மூடும் ‘ஃபைனலைஸ்’ என்ற வேலையைச் செய்யாமல் கொடுத்திருந்தால், எழுதிய டிரைவில் தெரிந்த டி.வி.டி. வேறு டிரைவ்களில் வெற்று டிஸ்க்காகத் தோன்றலாம். இத்தகையவற்றைப் பகுதி பகுதியாகத் திறந்து காட்ட ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள்கள் உள்ளன. மற்றொன்று மின்சாரக் குறைவு: யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. டிரைவ் சுழலத் தொடங்கும்போது இதைவிட அதிகம் தேவைப்படலாம். ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வழியாக இணைத்திருந்தால் அதை நீக்கி, லேப்டாப்பில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் போட்டோ ஸ்டூடியோ ஒன்றில் கேட்டு, டி.வி.டி. எழுதக்கூடிய வேறொரு டிரைவில் போட்டுப் பார்ப்பதே என் பரிந்துரை. ஒரு டிரைவ் கைவிட்டதை மற்றொன்று சாதாரணமாகப் படிப்பதுண்டு. எங்காவது தெரிந்துவிட்டால் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து நேரத்தை வீணாக்காமல், முழு டி.வி.டி.யையும் ஒரே இமேஜ் கோப்பாக (டிஸ்க்கின் அப்படியே நகலாக) ஹார்ட் டிஸ்க்குக்கு எடுங்கள். லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ, படிக்க முடியாத இடங்களைத் தாண்டிச் சென்று மற்றவற்றை முதலில் எடுத்துவிட்டு, விடுபட்டவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற குறிப்பையும் சேமித்து வைப்பதால், மிச்சத்தை வேறொரு டிரைவில் தொடரலாம். மலர் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்யப்பட்டதென்றால், அந்தக் காலத் தமிழ் எழுத்துருக் கோப்புகளும் டி.வி.டி.யில் உள்ளனவா என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் பக்கங்கள் திறந்தாலும் தமிழ் தெரியாது.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் டி.வி.டி. டிரைவுக்கான ஐகானே காணவில்லை. தட்டு மட்டும் வெளியே வருகிறது. டிரைவை மாற்ற வேண்டுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: தட்டு வருவதால் மின்சாரம் கிடைக்கிறது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, டிரைவையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளை இரு முனைகளிலும் கழற்றி மீண்டும் செருகுங்கள். கடற்காற்றில் அதன் முனைகளில் களிம்பு ஏறுவது உங்கள் ஊரில் சகஜம். விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயர் மஞ்சள் குறியுடன் தெரிந்து, பிழை எண் (Code) 19 அல்லது 39 என்று காட்டினால் பழுது டிரைவில் இல்லை. முன்பு நிறுவி நீக்கிய டிஸ்க் எழுதும் மென்பொருள், விண்டோஸின் அமைப்புக் குறிப்புகளைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகளை விட்டுச் சென்றிருக்கும். ரிஜிஸ்ட்ரியைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, விஷயம் தெரிந்தவரை வைத்து அவற்றை நீக்கினால் போதும்.