மகளின் கணையத்தில் கட்டி: கத்தி படலாமா?

கேள்வி: என் 23 வயது மகளுக்கு மேல்வயிற்றில் விட்டுவிட்டு வலி இருந்தது. அல்சர் என்று எண்ணி மாத்திரை கொடுத்துவந்தோம். சி.டி. ஸ்கேனில் கணையத்தின் வால் பகுதியில் 7 செ.மீ. கட்டி தெரிந்தது. ‘சாலிட் சூடோபாப்பிலரி நியோபிளாசம்’, புற்றுநோய் வகை என்கிறார்கள். என் மாமனார் கணையப் புற்றுநோயால் சில மாதங்களிலேயே இறந்தார். பரம்பரையாக வந்திருக்குமா? கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். திருமணத்துக்குத் தடை வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: கணையப் புற்றுநோய் என்று நாம் பொதுவாகச் சொல்வது, கணைய நாளங்களின் உட்சுவரில் தோன்றி, பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களைத் தாக்கி, அறிகுறி தெரிவதற்குள் பரவிவிடும் நோயைத்தான். உங்கள் மாமனாருக்கு வந்தது அதுவாகவே இருக்கக்கூடும். உங்கள் மகளுக்கு வந்திருப்பது, உறுப்பு ஒன்றே தவிர, வேறு நோய். கணையக் கட்டிகளில் நூற்றில் ஒன்றிரண்டே இந்த வகை. வருவதும் பெரும்பாலும் இருபது, முப்பது வயதுப் பெண்களுக்குத்தான். வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1959-இல் இதை முதன்முதலாக விவரித்தார்.

இக்கட்டி மெதுவாக வளர்வது. ரத்தக்குழாயை ஒட்டிய செல்கள் மட்டும் நிலைத்திருக்க, தள்ளியிருப்பவை சிதைந்து உதிர்ந்து, உள்ளே ரத்தமும் கசிவதால், தடித்த உறைக்குள் பாதி திடமாகவும் பாதி திரவமாகவும் ஸ்கேனில் தெரியும். இளம்பெண்ணின் வயிற்றில் இந்தத் தோற்றம் தெளிவாக இருந்தால் பயாப்ஸி எடுக்காமலே அறுவைச் சிகிச்சைக்குப் போவதும் உண்டு என்பதால், ‘சதை எடுத்துப் பார்க்கவில்லையே’ என்று ஐயப்பட வேண்டாம். ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடுகளும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

பரம்பரையா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக இல்லை. பீட்டா கேட்டினின் என்ற புரதத்துக்குரிய மரபணுவில், கட்டியின் செல்களுக்குள் மட்டும், பிறந்த பிறகு நேரும் மாற்றமே இதற்குக் காரணம். தாத்தாவின் நோயையும் பேத்தியின் நோயையும் முடிச்சுப்போட வேண்டியதில்லை.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு, முற்றிய நிலையில் அறுவை செய்துகொண்டு பின்னர் இறந்தவர்களைப் பார்த்து நம்மூரில் வேரூன்றிய நம்பிக்கை. இந்தக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சையே முதன்மையான மருந்து. உறை கிழியாமல் முழுதாக அகற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாக வாழ்கிறார்கள். கீமோதெரபி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. பத்தில் ஒருவர் அளவில் கல்லீரலுக்கோ வயிற்றறைச் சவ்வுக்கோ பரவலாம் என்பதால்தான், மெதுவாக வளர்கிறதே என்று விட்டுவைப்பதில்லை.

கட்டி வால் பகுதியில் இருப்பது ஒருவகையில் நல்லது. தலைப்பகுதியாக இருந்தால் சிறுகுடலின் தொடக்கத்தையும் பித்தநாளத்தையும் சேர்த்து அகற்றும் பெரிய அறுவை வேண்டியிருக்கும். ஆனால் மண்ணீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாய்கள் வாலை ஒட்டியே ஓடுகின்றன. மண்ணீரலைக் காப்பாற்ற முயல்வார்கள், முடியாமலும் போகலாம். மண்ணீரல் இல்லாவிட்டால் சில பாக்டீரியாத் தொற்றுகளை எதிர்க்கும் சக்தி குறையும். ஆகவே அத்தகைய கிருமிகளுக்கு எதிரான நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளை அறுவைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே போட்டுக்கொள்வது பற்றிக் கேளுங்கள். வெட்டிய முனையிலிருந்து கணையநீர் கசியக்கூடும் என்பதால் வயிற்றில் ஒரு குழாய் சில நாள் இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். மீதமுள்ள கணையம் பெரும்பாலும் போதுமானது என்றாலும், சர்க்கரை அளவை அவ்வப்போது பார்த்துவர வேண்டும். பல ஆண்டுகள் கழித்து நோய் திரும்பியவர்களும் உண்டு. ஸ்கேன் பரிசோதனையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

திருமணத்துக்கோ குழந்தைப்பேற்றுக்கோ இந்த அறுவை தடையல்ல. ஆனால் கர்ப்பத்தில் அதிகம் சுரக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இக்கட்டியின் செல்களில் இருப்பதும், கர்ப்பகாலத்தில் கட்டி வளர்ந்த நிகழ்வுகளும் பதிவாகியிருப்பதால், ‘முதலில் கல்யாணத்தை முடிப்போம், ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம்’ என்று உறவினர் எவரேனும் சொன்னால், அந்த ஒரு யோசனையை மட்டும் ஏற்க வேண்டாம்.